வளையம் கரையைத் தொடுமுன்

கருங்காட்டு ஏரியில் மருக்கொழுந்து என்று ஒரு காணாங்கோழி இருந்தாள். ஏரி நிரம்பினால் மிஞ்சிய தண்ணீர் வழிந்து போகக் கலிங்கு உண்டல்லவா, அதை ஒட்டிய நாணல் புதரில் அவளும் அவள் கணவன் கோரையனும் கூடு கட்டியிருந்தார்கள். முட்டையிடும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நியாயமாகப் பார்த்தால் அவள் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் சில நாளாக ஒரு புழுகூட அவள் தொண்டையில் இறங்கவில்லை.

காரணம், சவ்வாது கொண்டுவந்த திட்டம்.

சவ்வாது ஒரு மரநாய். மேட்டுப் பாறைமேல் நிற்கும் பனைமரத்தில் குடியிருப்பவன். வாயைத் திறந்தால் தேன் சொட்டும். ஆனால் காலில் சேறு பட்டால் மட்டும் அவனுக்கு ஆகவே ஆகாது. மழைக்காலத்துக்கு முன் மண் முறை என்று ஒன்று அந்த ஏரியில் உண்டு. ஏரித் தண்ணீரைக் குடிக்கும் ஒவ்வொரு குடும்பமும் ஏரிக்குள்ளிருந்து வண்டலை எடுத்துக் கரையில் போட்டு மிதிக்க வேண்டும். பன்றி மூக்கால் தள்ளும். மான் குளம்பால் மிதிக்கும். குருவிகூட அலகில் கொஞ்சம் கொண்டு வரும். சவ்வாது வருஷா வருஷம் முகத்தைச் சுளித்துக்கொண்டே சுமந்தான். இந்த வருஷம் சுமப்பதற்குப் பதிலாக யோசித்தான்.

"இனிமே யாரும் மண்ணு சுமக்க வேண்டாம். அது மட்டுமில்ல, கலிங்கு மேல ஒரு கல்லை ஒசத்தி வைப்போம். தண்ணி கூடுதலா நிக்கும். வேலை கம்மி, தண்ணி ஜாஸ்தி. இதை வேண்டாம்னு சொல்ல யாருக்காவது மனசு வருமா?" என்று ஒவ்வொரு புதராகப் போய்க் கேட்டான்.

யாருக்கு மனசு வரும்?

காட்டில் யார் வேண்டுமானாலும் ஒரு திட்டத்தைக் கொண்டுவரலாம். அதற்கு ஆதரவாகப் போதுமான பேர் ஈரக் களிமண்ணில் கால் பதித்துக் கொடுத்தால் போதும், தலைவர் கூட்டம் போட்டே ஆக வேண்டும். சவ்வாது களிமண்ணையும் கொண்டு போனான், பனம்பழமும் கொண்டு போனான். தடம் வைத்தவர்களுக்கெல்லாம் ஒரு பழம். பழத்தைச் சப்பிக்கொண்டே கால் வைத்ததில் பாதிப் பேருக்கு எதற்கு வைத்தோம் என்றே தெரியாது. ஒரு நரி வரிசையில் திரும்பி வந்து இரண்டாம் முறையும் வைத்ததாகப் பேச்சு.

மருக்கொழுந்துக்கு இதில் என்ன கவலை என்று கேட்பீர்கள். அவள்தான் அந்த ஏரியின் பின்சொல்லி.

ஒரு திட்டம் வந்தால், முடிவு எடுப்பதற்கு முன் ஒருவர் எழுந்து, இது நடந்தால் பின்னால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டும். என்ன மிச்சம், என்ன செலவு, யார் தலையில் விடியும். இவற்றை மட்டும்தான் சொல்லலாம். வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்லக் கூடாது. அப்படிச் சொல்பவருக்குத்தான் பின்சொல்லி என்று பெயர்.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. முன்பு ஒரு கூழைக்கடா பின்சொல்லியாக இருந்தது. அது பேசத் தொடங்கினால் பொழுது சாயும்வரை நிறுத்தாது. கூட்டம் முழுக்கத் தூங்கி வழியும். அதிலிருந்து ஒரு வழக்கம் வந்துவிட்டது. மீன்கொத்தி ஏரி நடுவில் பறந்துபோய் ஒரு கூழாங்கல்லைப் போடும். தண்ணீரில் வளையம் விரியும். முதல் வளையம் வந்து கரையைத் தொட்டதும் பின்சொல்லி வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

மருக்கொழுந்து தன் வேலையைச் சரியாகவே செய்தாள். கூட்டத்துக்கு முன் கரை முழுக்க நடந்து பார்த்தாள். கலிங்கின் பக்கம் கரை கெட்டியாக இருந்தது. கிழக்குக் கோடியில் கால் வைத்ததும் மண் பொதபொதவென்று உள்ளே வாங்கிற்று. போன மழையில் அரித்த இடம். இந்த வருஷம் மண் போட்டு மிதிக்காவிட்டால், அதன்மேல் தண்ணீரும் ஒரு கல் ஏறி நின்றால், அந்த இடம் தாங்காது.

அந்தக் கிழக்குக் கோடிக்குக் கீழேதான் நொச்சி என்ற முயலின் வளை இருந்தது. நாலு குட்டிகள். இன்னும் கண்கூடச் சரியாகத் திறக்காதவை.

நொச்சி தலையை நீட்டி, "என்னக்கா, எங்க வீட்டு மேலேயே நடக்கிற? மண்ணு போடலைன்னா இங்க ஒண்ணும் ஆயிடாதே?" என்று கேட்டாள்.

"கூட்டத்துல சொல்றேன் நொச்சி. அதுக்கு முன்னாடி தனியா யாருக்கும் சொல்லக் கூடாது" என்றாள் மருக்கொழுந்து.

"நீ சொல்றதைக் கேட்டுத்தான் நான் எந்தப் பக்கம் நிக்கணும்னு முடிவு பண்ணப் போறேன்" என்று சொல்லிவிட்டு நொச்சி குட்டிகளிடம் போய்விட்டாள்.

மருக்கொழுந்து கூட்டுக்குத் திரும்பினாள். அங்கே நாணல் ஓரமாகச் சவ்வாது உட்கார்ந்து, சேறு படாமல் வாலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, புதுக் கூடு பிரமாதமா இருக்கே. ஆனா தண்ணி மட்டத்துலல்ல இருக்கு? ஒரு கல்லு ஒசந்தா கூடு முங்கிடுமே" என்றான்.

"தெரியும். இன்னும் நாணல் வச்சு ஒசத்திக்குவோம்."

"நீங்க ஒசத்திக்குவீங்க. எனக்குத் தெரியும். மத்தவங்களுக்குத் தெரியுமா? நாளைக்கு நீங்க கரை, உடைப்புன்னு ஏதாவது சொன்னீங்கன்னா, இவ தன் கூட்டுக்காகப் பயங்காட்டுறான்னுதான் பேசுவாங்க. இத்தனை நாள் நடுநிலைன்னு எடுத்த பேரு என்ன ஆகும்? உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

சொன்னவன் வாலை ஆட்டிக்கொண்டு போய்விட்டான். அவனுக்கென்ன, ஒரு வார்த்தையை விதைத்தாகிவிட்டது. அது இவள் நெஞ்சில் கிடந்து முளைக்க ஆரம்பித்தது.

"என்ன புள்ள, முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" என்று கோரையன் கேட்டான்.

"ஏங்க, நான் உண்மையைச் சொன்னா அதை நம்புவாங்களா?"

"சொல்லிப் பார்த்தாத்தானே தெரியும்."

அவள் நாணலுக்குள் ஒதுங்கி உட்கார்ந்தாள். எப்படிச் சொன்னால் யாரும் தன்மேல் பழி சொல்ல முடியாது என்று யோசித்தாள். நல்லதை முதலில் சொல்லிவிடலாம். நிறையச் சொல்லலாம். அப்போது நடுநிலை என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடும். கெட்டதைக் கடைசியில், மெதுவாக, யாருக்கும் உறுத்தாமல் சொல்லிக்கொள்ளலாம். அவளுக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

மறுநாள் காலை மருத மரத்தடியில் கூட்டம். தலைவர் கடம்பன் என்ற கடமான் கொம்பை நிமிர்த்திக்கொண்டு நின்றார். வழக்கத்தை மீறினால் அவருக்குத் தூக்கம் வராது. மீன்கொத்தி பறந்துபோய்க் கல்லைப் போட்டது. வளையம் விரிய ஆரம்பித்தது.

மருக்கொழுந்து தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"மண் முறை நின்னா, மழைக்கு முந்தின காலை நேரமெல்லாம் எல்லாக் குடும்பத்துக்கும் மிச்சம். அந்த நேரத்துல இரை தேடலாம். குட்டிகளைப் பார்த்துக்கலாம். பன்றிக்கு மூக்குப் புண்ணு ஆறும்."

கூட்டம் சிரித்தது. பன்றி தன் மூக்கைத் தடவிக்கொண்டது. மருக்கொழுந்துக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. வளையம் பாதி தூரம் வந்துவிட்டதை அவள் பார்க்கவில்லை.

"ஒரு கல்லு ஒசத்தினா தண்ணி கூடுதலா நிக்கும். மழை சுமாராப் பேஞ்சா பங்குனி வரைக்கும் வரும். நல்லாப் பேஞ்சா சித்திரையும் தாண்டும். செலவுன்னு பார்த்தா, கல்லை உருட்டி வைக்கிற ஒரு நாள் பாடு. கரையைப் பொறுத்த வரைக்கும், சில இடத்துல, மழை எப்படிப் பெய்யுதுங்கிறதைப் பொறுத்து, ஓரளவு தளர்வு ஏற்படுறதுக்கு வாய்ப்பு…"

"தொட்டாச்சு!" என்று மீன்கொத்தி கத்தியது.

மருக்கொழுந்து வாயைத் திறந்தபடியே நின்றாள். காலடியில் வளையம் வந்து நாணல் வேரை நக்கிக்கொண்டிருந்தது.

நொச்சி எழுந்து, "வாய்ப்பு இருக்கா, இல்லையா? எந்த இடத்துலக்கா?" என்று கேட்டாள்.

"வளையம் தொட்ட பிறகு பின்சொல்லி பேசக் கூடாது" என்றார் கடம்பன்.

அவர் சொன்னது வழக்கம்தான். ஆனால் ஒரு வார்த்தை சொன்னால் யாரும் அவளைக் கொன்றுவிடப் போவதில்லை. 'கிழக்குக் கோடி' என்று மட்டும் சொன்னால் போதும். மருக்கொழுந்து தலையைத் தூக்கினாள். எதிரே சவ்வாது அவளையே பார்த்துப் புன்னகை செய்துகொண்டிருந்தான். அவள் தலையைக் குனிந்து தன் கால்விரல்களைப் பார்க்க ஆரம்பித்தாள்.

ஆதரிப்பவர்கள் மரத்துக்கு வடக்கே, எதிர்ப்பவர்கள் தெற்கே. காடே வடக்கில் திரண்டது. நொச்சி கொஞ்ச நேரம் நடுவில் நின்று யோசித்தாள்.

"அக்கா பயப்படுற மாதிரி எதுவும் சொல்லலையே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவளும் வடக்கே போய் நின்றாள்.

அதைப் பார்த்த மருக்கொழுந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கல் ஏறியது. மண் முறை நின்றது. சவ்வாதைத் தோளில் தூக்காத குறையாகக் கொண்டாடினார்கள். ஐப்பசி பிறந்ததும் மழையும் பிறந்தது. அந்த வருஷ மழை சுமாரான மழை இல்லை, நல்ல மழையும் இல்லை. வானம் பொத்துக்கொண்டு கொட்டியது.

மருக்கொழுந்து ஐந்து முட்டைகள் இட்டிருந்தாள். தண்ணீர் ஏற ஏற அவளும் கோரையனும் நாணலை ஒடித்து ஒடித்துக் கூட்டுக்கு அடியில் திணித்தார்கள். ஒருவர் அடைகாக்க, இன்னொருவர் நாணல் ஒடிப்பார். அலகு ரணமாகிவிட்டது. கூடு எப்படியோ தண்ணீருக்கு மேலேயே நின்றது. ஆனால் அவள் கண் கூட்டில் இல்லை. கிழக்குக் கோடியிலேயே இருந்தது. அடைகாக்கும்போதுகூடக் கழுத்தை நீட்டி நீட்டி அந்தப் பக்கம் பார்ப்பாள். காற்று சற்றுப் பலமாக அடித்தாலும் கரை போய்விட்டதோ என்று திடுக்கிட்டு எழுந்துகொள்வாள்.

"முட்டை ஆறிப்போகுது புள்ள, உட்காரு" என்று கோரையன் கெஞ்சுவான்.

ஒரு காலையில் இரண்டு முட்டைகள் பொரிந்தன. கரிக்கட்டை மாதிரி இரண்டு குஞ்சுகள், பிறந்த கையோடு தண்ணீரில் இறங்கி நீந்தின. மற்ற மூன்று முட்டைகளுக்குள்ளும் டொக் டொக்கென்று தட்டும் சத்தம் கேட்டது. கோரையன் ஆனந்தத்தில் கத்தினான். அதே நேரத்தில் நொச்சி நனைந்து வெடவெடத்துக்கொண்டு கரைமேல் ஓடி வந்தாள்.

"அக்கா, வளைக்குள்ள தண்ணி கசியுது. மழைத் தண்ணி இல்லக்கா, கலங்கலா வருது. வெளியில கொண்டு வந்தா குட்டிங்க குளிர்லயே போயிடும். என்னக்கா செய்ய?"

மருக்கொழுந்து ஓடிப்போய்ப் பார்த்தாள். கரையின் வெளிப்பக்கத்தில் விரல் தடிமனுக்கு ஒரு ஊற்று. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு மண்கட்டி பிய்ந்து விழுந்தது. இன்று மாலைவரை தாங்கினால் பெரிய விஷயம்.

கல்லை எடுக்க வேண்டும். எடுத்தால் தண்ணீர் கலிங்கு வழியாகப் பாய்ந்து போய்விடும், கரை பிழைக்கும். ஆனால் கூட்டம் போட்டு வைத்த கல்லைக் கூட்டம் போட்டுத்தான் எடுக்கலாம். அவள் கடம்பனிடம் ஓடினாள்.

"களிமண்ணுல தடம் வாங்கிட்டு வா" என்றார் அவர்.

"இந்த மழையில தடம் எப்படித் தலைவரே நிக்கும்? வச்ச உடனே கரைஞ்சு போகுமே."

"வழக்கம் அதுதானே. நான் என்ன பண்ணட்டும்?"

அவளும் நொச்சியும் களிமண்ணை எடுத்துக்கொண்டு புதர் புதராக ஓடினார்கள். மான் வைத்த தடம் கீரி வைப்பதற்குள் கரைந்தது. கீரி வைத்தது பன்றி வருவதற்குள் கரைந்தது. மருக்கொழுந்துக்கு அழுகையே வந்துவிட்டது. களிமண்ணைத் தூக்கிக் கடாசினாள்.

"தடம் வேண்டாம். காலோட வாங்க எல்லாரும்" என்றாள்.

வந்தார்கள். கடம்பன் முன்னால் அத்தனை கால்களும் சேற்றில் நின்றன. தடத்தைவிடக் கால் பெரிது என்று ஒப்புக்கொள்ள அவருக்குச் சிறிது நேரம் பிடித்தது. பிறகு தலையை ஆட்டினார். மீன்கொத்தி மழையில் தத்தளித்துப் போய் வழக்கப்படி கல்லைப் போட்டது. ஏரி முழுக்க மழைத்துளி ஆயிரம் வளையம் போட்டுக்கொண்டிருந்தது. கல் போட்ட வளையம் எது என்று யாருக்கும் தெரியவில்லை.

சவ்வாது முந்திக்கொண்டான். "நான் அப்பவே நினைச்சேன். கூட்டுக்கிட்ட தண்ணி வந்துடுச்சு, அக்கா குறைக்கப் பார்க்கிறாங்க. அவங்க முட்டைக்காக நம்ம கோடைத் தண்ணியைத் திறந்து விடணுமாம்."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. சிலர் கலிங்குப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே நாணலுக்கு நடுவில் கோரையன் மூன்று முட்டைகளின்மேல் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. மருக்கொழுந்தும் பார்த்தாள். பார்த்துவிட்டு உடனே திரும்பிக்கொண்டாள்.

"யார் தலையில விடியும்ங்கிறதை முதல்ல சொல்றேன்" என்றாள். "கல்லை எடுத்தா என் தலையில விடியும். என் கூடு கலிங்கு வாயிலேயே இருக்கு. தண்ணி பாயுற வேகத்துல முதல்ல போறது அதுதான். உள்ள மூணு முட்டை இருக்கு. தூக்கிட்டுப் போக எங்களுக்குக் கை கிடையாது. பொரியிற நேரத்துல வேற யாராவது வாயில கவ்வினாலும் உடைஞ்சிடும்."

அவள் கிழக்குக் கோடிப் பக்கம் திரும்பினாள்.

"கல்லை எடுக்கலைன்னா இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள கிழக்குக் கோடியில கரை உடையும். முதல்ல நொச்சி குட்டிங்க போகும். கீழ இருக்கிற வளை எல்லாம் போகும். அப்புறம் ஏரியில ஒரு சொட்டு நிக்காது. தையிலேயே தொண்டை காயும். மிச்சம்னு சொல்ல எதுவும் இல்ல. அன்னிக்கே இதை முதல்ல சொல்லியிருக்கணும்."

"அப்போ கல்லை எடுக்கணும்னு சொல்றியா?" என்று கடம்பன் கேட்டார். "பின்சொல்லி அப்படிச் சொல்லக் கூடாதே."

"நான் எடுக்கணும்னு சொல்லல தலைவரே. உடையும்னு சொல்றேன்."

கல்லை எடுப்பதை ஆதரித்து முதலில் நொச்சி வடக்கே நடந்தாள். அப்புறம் பன்றி, கீரி, மான்கள், குருவிகள் எல்லாரும் போனார்கள். தெற்கே சவ்வாது மட்டும் நின்றான். கொஞ்ச நேரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். பிறகு முதன்முறையாக வாலைச் சேற்றில் இழுத்துக்கொண்டு அவனும் வடக்கே வந்தான்.

பன்றியும் கடம்பனும் கல்லைத் தள்ளப் போனார்கள். மருக்கொழுந்து அவர்களுக்கு முன்னால் நீந்திப்போய்க் கோரையனிடம் சொன்னாள். அவன் எழுந்திருக்க மறுத்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்து எழுந்தான். பொரிந்த இரண்டு குஞ்சுகளையும் இறக்கையால் அணைத்துக்கொண்டு இருவரும் ஒதுங்கி நின்றார்கள். கூட்டுக்குள் இன்னும் டொக் டொக்கென்று தட்டிக்கொண்டிருந்தது.

கல் புரண்டது. தண்ணீர் சீறிக்கொண்டு பாய்ந்தது. நாணல் வளைந்தது. கூடு ஒரு சுற்றுச் சுற்றிக் கலிங்கைத் தாண்டிப் போயிற்று.

மாலைக்குள் ஊற்று நின்றது. கரை பிழைத்தது. நொச்சி தன் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி வளைக்குள்ளேயே காய்ந்த மூலைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு, மருக்கொழுந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

அடுத்த ஆவணியில் மண் முறை திரும்ப வந்தது. சவ்வாதும் வந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, கிழக்குக் கோடியில் மண் போட்டான். அன்றே ஒரு நரி களிமண்ணோடும் ஒரு புதுத் திட்டத்தோடும் காட்டைச் சுற்றத் தொடங்கியது. அதன் கையில் பழமும் இருந்தது. ஆனால் இந்த முறை காலைத் தூக்கியவர்கள் உடனே வைத்துவிடவில்லை. காலைத் தூக்கியபடியே, "யார் தலையில விடியும்? அதை முதல்ல சொல்லு" என்று கேட்டார்கள். நாணலுக்குள், வளர்ந்துவிட்ட இரண்டு பிள்ளைகளோடு இரை தேடிக்கொண்டிருந்த மருக்கொழுந்து அதைக் கேட்டாள். தேடுவதைச் சற்று நிறுத்தி, கலிங்கைத் தாண்டி ஓடும் ஓடையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

தன் பெயர் கெட்டுவிடுமோ என்று அஞ்சி, இனிப்பானதை முதலில் சொல்லிக் கசப்பானதைக் கடைசிக்கு ஒதுக்கி வைப்பவர், அந்தக் கசப்பைச் சொல்லாமலே விட்டவர்தான்.